வயது எடுப்பதும் ஓய்வு எடுப்பதும்

பிரிட்டனில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டில், நாற்பது வயதைக் கடந்த சைக்கிள் பந்தயக்காரர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ‘வெட்டரன்ஸ் டைம் ட்ரையல்ஸ் அசோசியேஷன்’ என்பது அதன் பெயர். இன்றும் இயங்குகிறது. அந்தச் சங்கத்தின் சொத்துகளிலேயே அறிவியல் நோக்கில் மதிப்பு மிக்கது ஓர் அட்டவணை. இந்த வயதுக்காரர் இந்தத் தூரத்தை இத்தனை நிமிடம் இத்தனை நொடியில் கடக்க வேண்டும் என்று, ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் அதில் ஒரு நேரம் குறித்திருக்கிறார்கள். பந்தயத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை அட்டவணை நேரத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கணக்கு. மிச்சம் யாருக்கு அதிகமோ அவருக்கே பரிசு. கடிகாரப்படி சில நிமிடங்கள் பின்தங்கி வந்த எழுபது வயதுக்காரர் நாற்பத்தைந்து வயதுக்காரரை வெல்வதற்கு அங்கே வழி உண்டு.

டைம் ட்ரையல் என்பது தனியாளாக ஓட்டும் பந்தயம். பிரிட்டனில் அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டியவர்களுக்குக் காவல்துறையின் தொல்லை அதிகமானது. 1895-இல் பிட்லேக் என்பவர், ஓட்டுநர்களை ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். பார்ப்பவர் கண்ணுக்கு யாரோ ஒருவர் சைக்கிளில் போகிறார், அவ்வளவுதான். கண்ணில் படக்கூடாது என்பதற்காகக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை கறுப்பு உடை. எந்தச் சாலை என்பது வெளியே தெரியாமலிருக்க எழுத்தும் எண்ணும் கலந்த குறிப்பெயர். கறுப்பு உடை எப்போதோ போய்விட்டது. குறிப்பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அப்படியொரு பந்தயத்தின் தொடக்கத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். சாலையோரப் புல்தரையில் நேரம் பார்ப்பவர் கடிகாரத்தோடு நிற்பார். ஓட்டுபவரின் இரண்டு காலும் பெடலில் பூட்டியிருக்கும். பின்னாலிருந்து ஒருவர் சீட்டைப் பிடித்துச் சைக்கிளைச் சாயாமல் நிறுத்துவார். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. கை விடுபடும். அடுத்த நிமிடம் அடுத்தவர். முன்னால் போகிறவரின் முதுகில் ஒளிந்து காற்றுக்குத் தப்பிக்க முடியாது. காற்று, சாலை, அவரவர் இதயம், அவரவர் கால். மனித உடல் முதுமையில் என்ன ஆகிறது என்று அளக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைப்பது கடினம்.

ஆனால் அந்த அட்டவணை எதை அளக்கிறது? ஐம்பதில் ஒரு நேரம், அறுபதில் அதைவிட அதிகம், எழுபதில் இன்னும் அதிகம். இந்தச் சரிவு முழுவதையும் வயதின் கணக்கில் எழுதிவிடலாமா? நம்மில் பெரும்பாலானோர் முப்பதில் நடந்ததைவிட அறுபதில் குறைவாக நடக்கிறோம், குறைவாகத் தூக்குகிறோம், அதிகமாக உட்கார்ந்திருக்கிறோம். உடல் தளர்வதில் ஆண்டுகளின் பங்கு எவ்வளவு, சும்மா இருந்ததன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அறுபது, எழுபது வயதிலும் பந்தயத்துக்குப் பயிற்சி செய்கிறவர்களிடம்தான் அந்தப் பிரிவினை சாத்தியம். இந்த அத்தியாயத்தின் வேலை அதுதான்.

இதயத்திலிருந்து தொடங்குவோம். வயது எடுக்கிறது என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒன்று அங்கே இருக்கிறது: உச்சத் துடிப்பு. எவ்வளவு முக்கி மிதித்தாலும் இதயம் நிமிடத்துக்கு இத்தனை முறைக்குமேல் துடிக்காது என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவில் செல்கள் குறைகின்றன. அட்ரினலின் வந்து விரட்டினாலும் இதயம் முன்போல் துள்ளி எழுவதில்லை. பயிற்சியால் இதை மாற்ற முடிந்ததாக எவரும் காட்டவில்லை.

220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் உடற்பயிற்சிக் கூடங்களின் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறது. 2001-இல் தனாக்காவும் அவருடன் பணியாற்றியவர்களும் 351 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து வேறொரு கணக்கைக் கொடுத்தார்கள்: வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-இலிருந்து கழிக்க வேண்டும். நாற்பது வயதில் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன, 180. அறுபத்தைந்தில் பழைய சூத்திரம் 155 என்கிறது. புதியது ஏறக்குறைய 163. எட்டுத் துடிப்பு வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். பயிற்சிக்கு அது பெரிது. பழைய சூத்திரத்தை நம்பும் அறுபத்தைந்து வயதுக்காரர், இன்னும் போக இடமிருக்கும்போதே எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று நினைத்துக் காலைத் தளர்த்திவிடுவார். புதிய சூத்திரமும் சராசரிதான். தனிமனிதர்கள் அதற்குப் பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது வெகு இயல்பு.

இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தம் என்பது துடிப்பின் எண்ணிக்கையை ஒரு துடிப்புக்கான அளவால் பெருக்கி வருவது. முதல் எண் இறங்கினால் பெருக்குத்தொகையும் இறங்கும். தசைகளுக்குப் போகும் ஆக்சிஜனின் உச்ச அளவும் அதனோடு இறங்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அதை அளக்கிறார்கள். உடற்பயிற்சி இல்லாதவர்களிடம் இது பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. கடினப் பயிற்சியை விடாமல் தொடர்ந்த சிலரிடம் இறக்கம் அதில் பாதி அளவிலேயே நின்றிருக்கிறது. அந்தப் பாதியைத்தான் வயதின் உண்மையான கட்டணம் என்று நான் கொள்கிறேன். மீதிப் பாதி ஓய்வின் கணக்கு.

உச்ச அளவு குறைந்தாலும், அதில் எத்தனை விழுக்காட்டை ஒரு மணி நேரம் தொடர்ந்து பயன்படுத்த முடியும் என்பது அவ்வளவாகக் குறைவதில்லை. ஒரே வேகத்துக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்ற சிக்கனமும் பழகிய கால்களில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் நீண்ட பந்தயங்களில் இளைஞர்களோடு ஈடுகொடுப்பதற்கு இதுவே உடலியல் காரணம்.

இதற்கு இயற்பியலும் ஒரு கை கொடுக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போகும்போது, நம் முயற்சியில் பெரும்பங்கு காற்றை விலக்குவதற்கே போகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதை எதிர்த்துப் போகத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். இது எல்லோரையும் தண்டிக்கும் விதி என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். வயதானவர் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். முப்பது வயதில் 300 வாட் கொடுத்தவர் அறுபதில் 225 வாட்தான் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திறனில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. வேகத்தில்? 0.75-இன் மும்மடி மூலம் 0.91. அதாவது ஒன்பது விழுக்காடுதான் இழப்பு. 25 மைல் பந்தயத்தை ஒரு மணி நேரத்தில் முடித்தவர் இப்போது அறுபத்தாறு நிமிடத்தில் முடிப்பார். காற்று இளைஞனை முன்னேறவிடாமல் பிடித்துவைப்பதால், முதியவரின் இழப்பு பாதிக்குமேல் மறைந்துபோகிறது.

சாலை மேடேறத் தொடங்கியதும் இந்தப் பாதுகாப்பு காணாமல் போகும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு; காற்றுக்குப் பெரிய வேலையில்லை. புவியீர்ப்புக்கு எதிராக எடையைத் தூக்குவதற்கே திறன் செலவாகிறது, அது வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது. திறனில் நான்கில் ஒரு பங்கு குறைந்தால் வேகத்திலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். சமதரையில் ஒன்றாக வந்த கூட்டம் மலைச்சாலையின் முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே வயதுவாரியாகப் பிரிந்து நிற்பது இதனால்தான். எந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பது என்று யோசிக்கும் அறுபது வயதுக்காரருக்கு, பயிற்சித் திட்டத்தைவிடப் பாதையின் உயர வரைபடம் அதிகம் சொல்லும்.

லண்டனின் கிங்ஸ் கல்லூரியில் ஹாரிட்ஜ், லசாரஸ் ஆகியோரின் குழு 55 முதல் 79 வயதுவரையிலான 125 அமெச்சூர் சைக்கிள்காரர்களை ஆராய்ந்தது. 84 ஆண்கள், 41 பெண்கள். லசாரஸே முதிய வயதில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியவர்தான். ஆய்வில் சேர ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள்ளும், பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள்ளும் ஓட்ட முடிய வேண்டும். புகைபிடிப்பவர்கள், அதிகம் குடிப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. நோக்கம் தெளிவானது: சும்மா இருத்தலை முடிந்தவரை விலக்கிவிட்டு வயதை மட்டும் பார்ப்பது.

2015-இல் வந்த முதல் முடிவுகள் எதிர்பாராத விதத்தில் அமைந்தன. இதயம், நுரையீரல், தசை, நரம்பு, எலும்பு, அறிவாற்றல், ஹார்மோன் என்று நீண்ட பட்டியலை அளந்தார்கள். அவற்றில் பலவும் வயதோடு வலுவாக ஒத்துப்போகவில்லை. நன்றாக ஒத்துப்போனது உச்ச ஆக்சிஜன் அளவு. அதை வைத்துக்கூட ஒருவரின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. எண்களை மட்டும் கையில் கொடுத்து, இவர் ஐம்பத்தெட்டா எழுபதா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலை. 2018-இல் தொடைத் தசையின் மாதிரிகளைப் பரிசோதித்தபோதும் பெரும்பாலான பண்புகளில் வயதின் தடம் தெரியவில்லை. அதே ஆண்டு பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜேனட் லார்டும் அவருடைய குழுவினரும் இவர்களுடைய ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்களைப் பார்த்தார்கள். தைமஸ் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கிக்கொண்டு வருவது. அது வெளியிடும் புதிய டி-செல்கள் முதுமையில் வெகுவாகக் குறைந்துவிடும் என்பது பாடநூல் கருத்து. சைக்கிள் ஓட்டும் இந்த முதியவர்களிடம் அச்செல்களின் அளவு இளைஞர்களோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இதைப் படித்து உற்சாகம் வருவது நியாயம். ஆனாலும் ஒரு ஐயத்தைச் சேர்த்தே படிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் இந்த ஆய்வுக்கு வந்தார். முழங்கால் தேய்ந்து அறுபதிலேயே சைக்கிளை விட்டவர் வரவில்லை. சைக்கிள் அவர்களை ஆரோக்கியமாக வைத்திருக்கிறதா, ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிளைத் தொடர்கிறார்களா? ஒரே ஒருமுறை அளந்து பார்க்கும் ஆய்வால் இதை முடிவாகப் பிரிக்க முடியாது. அதே மனிதரை ஆண்டுகள் இடைவெளியில் மறுபடி அளக்க வேண்டும்.

ராபர்ட் மார்ஷான் அங்கேதான் வருகிறார். 1911 நவம்பரில் பிரான்சின் அமியேன் நகரில் பிறந்தவர். உயரம் 1.52 மீட்டர், எடை ஐம்பது கிலோவை ஒட்டி. இளமையில் பாரிஸில் தீயணைப்பு வீரர். பிறகு வெனிசுவேலா, கனடா என்று பிழைப்பு தேடிப் போனவர், மரம் வெட்டும் வேலையும் பார்த்தவர். பல பத்தாண்டுகள் சைக்கிளை விட்டிருந்துவிட்டு, அறுபது வயதைத் தாண்டிய பிறகே மறுபடி முழுமூச்சாக இறங்கினார். 2012-இல், நூறு வயது நிறைந்தபின், சுவிட்சர்லாந்தின் ஏகல் நகர உள்ளரங்கப் பாதையில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டி நூறு கடந்தோருக்கான சாதனையைப் படைத்தார்.

வெரோனிக் பியா என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் அவரிடம் ஒரு கேள்வியோடு போனார்: நூறு வயதுக்குப் பிறகும் உடல் பயிற்சிக்கு மறுமொழி கூறுமா? 101 வயதில் அளந்தார், பயிற்சி கொடுத்தார், 103-இல் மறுபடி அளந்தார். ஆண்டுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டர். அதில் எண்பது விழுக்காடு பேசிக்கொண்டே போகக்கூடிய இலேசான வேகம். இருபது விழுக்காடு கடினமான மிதிப்பு. பெடல் சுற்றும் வேகத்தையும் கூட்டச் சொன்னார். உச்ச ஆக்சிஜன் அளவு 31-இலிருந்து 35 மில்லிலிட்டருக்கு ஏறியது. உச்சத் திறன் 90 வாட்டிலிருந்து 125 வாட் ஆனது, அதாவது 39 விழுக்காடு உயர்வு. உச்சத் துடிப்பு மட்டும் குறிப்பிடும்படி மாறவில்லை. வயது எடுத்துக்கொண்டதைப் பயிற்சி திருப்பித் தரவில்லை. ஓய்வு எடுத்துக்கொண்டதை 103 வயதிலும் திருப்பித் தந்தது.

2014-இல், 102 வயதில், பாரிஸுக்கு அருகே சான்-கான்தான் உள்ளரங்கில் மார்ஷான் மீண்டும் ஒரு மணி நேரம் ஓட்டினார். இந்த முறை 26.927 கிலோமீட்டர். பழைய சாதனையைவிடப் பதினொரு விழுக்காடு அதிகம். இங்கே மும்மடி விதியைப் போட்டுப் பார்க்கலாம். 1.39-இன் மும்மடி மூலம் ஏறக்குறைய 1.116, அதாவது வேகம் பதினொன்றரை விழுக்காடு கூடியிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அரங்குகள், உச்சத் திறனும் ஒரு மணி நேரத் திறனும் ஒன்றல்ல, அளந்த தேதிகளும் சாதனைத் தேதிகளும் ஒன்றல்ல; இந்தப் பொருத்தத்தை நிரூபணமாகக் கொள்ளக் கூடாது. இருந்தாலும் ஒரு மனிதரின் தசையில் நடந்த மாற்றமும் பலகைப் பாதையில் அவர் கடந்த தூரமும் இவ்வளவு நெருங்கி வருவதைக் காகிதத்தில் கணக்குப்போட்டுக் காணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. 2017 ஜனவரியில், 105 வயதில், அவர் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். கடைசிப் பத்து நிமிடத்துக்கான அறிவிப்புப் பலகையைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று இறங்கியதும் வருத்தப்பட்டார். 109 வயதில், 2021-இல் மறைந்தார்.

இதுவரை சொன்னது தனியாக ஓட்டுவதைப் பற்றி. கூட்டப் பந்தயம் வேறு உலகம். முதியவர்களுக்கு அது ஒரு பக்கம் கருணையும் மறுபக்கம் கொடுமையும் காட்டுகிறது.

கருணை, மற்றவர்களின் முதுகு. முன்னால் ஒருவர் இருந்தாலே காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற பொறியியலாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தபோது, நடுவில் பின்பகுதியில் இருப்பவர்மீது விழும் தடை தனியாக ஓட்டுபவர் சந்திப்பதில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று தெரிந்தது. அமெச்சூர் பந்தயக் கூட்டம் அவ்வளவு பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்காது. ஆனாலும், நேரான சமதரைச் சாலையில், கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்த அறுபது வயதுக்காரரை யாராலும் எளிதில் உதற முடியாது.

கொடுமை வளைவுகளில் இருக்கிறது. நகரத் தெருக்களில் குறுகிய வட்டமாக ஓட்டும் ‘கிரிட்டீரியம்’ பந்தயத்தைப் பாருங்கள். கூட்டம் மணிக்கு 42 கிலோமீட்டரில் வருகிறது. வளைவில் முன்னால் இருப்பவர்கள் அவ்வளவாக பிரேக் பிடிக்காமல், தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தித் திரும்பிவிடுவார்கள். பின்னால் வருபவர்களுக்கு அந்த அகலம் கிடைக்காது. ஒருவர் பிரேக் பிடிக்க அடுத்தவர் இன்னும் அழுத்திப் பிடிக்க, வால்பகுதி 25-க்கு இறங்கிவிடும். அதற்குள் முன்பகுதி மறுபடி வேகமெடுத்திருக்கும். ஆர்மோனியத்தின் துருத்தி போலக் கூட்டம் சுருங்கி விரிகிறது. விரியும் முனையில் இருப்பவர் பாடு திண்டாட்டம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 78 கிலோ என்று கொண்டால், 25-இலிருந்து 42-க்கு ஏற ஏறக்குறைய 3,400 ஜூல் ஆற்றல் வேண்டும். எட்டு நொடியில் அதைச் செய்ய 430 வாட். காற்றையும் சாலை உராய்வையும் சேர்த்தால் 600 வாட்டைத் தொடும். நான்கு வளைவு கொண்ட வட்டம், இருபத்தைந்து சுற்று என்றால் இப்படி நூறு முறை.

முதுமை மிகக் கூர்மையாகத் தெரிவது இந்த எட்டு நொடியில்தான். நம் தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்கள் உண்டு. வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் நார்களும் உண்டு. ஆண்டுகள் போகப்போக மெலிந்து சுருங்குவது பெரும்பாலும் வேகநார்கள். அவற்றை இயக்கும் நரம்புகளும் குறைகின்றன. நரம்பை இழந்த நார்களில் சிலவற்றைப் பக்கத்து மெதுநரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், அதன்பின் அவையும் மெதுநாராகவே நடந்துகொள்ளும். மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பழகியவருக்கு இது பயிற்சியில் தெரியாது. பந்தயத்தில், நாற்பதாவது வளைவில், முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் விழும்போது தெரியும்.

மூத்த பந்தயக்காரர்கள் இதற்கு இரண்டு மருந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று அனுபவம்: கூட்டத்தின் முன் மூன்றில் ஒரு பகுதியை விட்டு இறங்காமல் இருப்பது. பிரேக் பிடிக்காதவருக்கு வேகமெடுக்கும் செலவும் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர் காலால் செய்வதை அவர்கள் இடம்பார்த்து நிற்பதால் செய்கிறார்கள். மற்றது எடைப்பயிற்சி. 1990-இல் அமெரிக்காவில் ஃபியட்டரோனும் அவருடைய குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடினமான கால் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. பந்தய வீரர்கள் அல்லர். நடப்பதற்கே சிரமப்பட்ட முதியவர்கள். வேகநார்களைக் காப்பாற்ற இன்றுவரை இதைவிட உறுதியான வழி எதையும் அறிவியல் கண்டுபிடிக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவதைக் கூடுதல் வேலையாக நினைக்கும் ஐம்பது வயது சைக்கிள்காரர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. அவர்களுக்கு அது பாதி வேலை.

எலும்பின் பக்கமும் அதே அறிவுரைதான் வருகிறது. சைக்கிளில் நம் எடையைச் சீட்டும் பெடலும் ஹேண்டில்பாரும் தாங்கிக்கொள்கின்றன. எலும்புக்கு அதிர்ச்சியும் சுமையும் கிடைத்தால்தான் அது தன்னை அடர்த்தியாக வைத்துக்கொள்ளும். 2003-இல் நிக்கோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், சராசரியாக ஐம்பத்தொரு வயதுள்ள, பல்லாண்டு பயிற்சிபெற்ற ஆண் பந்தயக்காரர்களை அளந்தபோது, அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி அதே வயதில் பந்தயம் ஓட்டாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆரோக்கியத்தின் அடையாளமாக நாம் பார்க்கும் மனிதர், எலும்பில் மட்டும் தன் பக்கத்து வீட்டுக்காரரைவிட பலவீனமானவர். சைக்கிள் பந்தயத்தில் விழாமல் நெடுங்காலம் ஓட்டியவர் எவருமில்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நடப்பது, படியேறுவது, கயிறு தாண்டுவது, எடை தூக்குவது ஆகியவற்றைச் சைக்கிள் ஒருபோதும் ஈடுசெய்யாது.

தேறிவருவதும் தாமதமாகும். இளைஞர் ஒருவேளை உணவில் கிலோ எடைக்கு 0.24 கிராம் புரதத்தைக் கொண்டு தசையை வளர்க்கும் வேலையை உச்சத்துக்குக் கொண்டுபோவார். எழுபதை ஒட்டிய ஆண்களுக்கு அதே வேலைக்கு 0.4 கிராம் தேவைப்படுவதாக 2015-இல் ஒரு கனடிய ஆய்வு காட்டியது. அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவருக்கு வேளைக்கு 26 கிராம். காலையில் இரண்டு இட்லி, சட்னியோடு மலைச்சாலைக்குக் கிளம்புகிறவர் அந்த அளவின் பக்கத்தில்கூட இருக்க மாட்டார். தாக உணர்வும் வயதோடு மழுங்கும். தாகம் எடுத்தபின் குடிக்கலாம் என்று காத்திருப்பது நம் வெயிலில் ஆபத்து.

கடைசியாக, இந்த அத்தியாயத்தில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. நெடுங்காலக் கடின உழைப்பு இதயத்தின் மேலறைகளை விரிவடையச் செய்கிறது. சிலருக்கு அது தாறுமாறான துடிப்பில் கொண்டுவிடும். ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தயத்தில் கலந்துகொண்ட 52,755 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. அதிக முறை ஓடி முடித்தவர்களிடமும் வேகமாக முடித்தவர்களிடமும் இந்தக் கோளாறு கூடுதலாக இருந்தது. பயிற்சி செய்யாதே என்று இதற்குப் பொருளில்லை. ஓட்டும்போது காரணமில்லாமல் துடிப்பு தாவினால், மூச்சு முட்டினால், மார்பு இறுகினால், அதைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது என்பதே பொருள்.

நமக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான கட்டுரையின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவர்க்கு ஏறக்குறைய 59. பிரிட்டனின் அட்டவணையைப் பார்த்தும் மார்ஷானின் கதையைப் படித்தும் ஐம்பதில் சைக்கிளை எடுக்கும் தமிழர், அவர்களைவிட ஆறு ஆண்டு முன்னதாகவே ஆபத்தான வயதுக்குள் நுழைந்திருக்கிறார். ஆகவே, பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க நினைத்தால் முதலில் இதய மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். பந்தயம் ஓட்டப் போவதாகச் சொல்லி, ட்ரெட்மில் சோதனை தேவையா என்று கேளுங்கள். அவர் சரி என்றபின் ஓராண்டு மெதுவாக ஓட்டுங்கள், வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள். அதற்குப் பிறகு, ஏற்றம் குறைந்த பாதையாகப் பார்த்துப் பெயர் கொடுங்கள்.